பூட்டு பிறந்த கதை

ஸ்கூட்டர் என்றதும் நம் நினைவுக்கு வருவது, முன்னால் பிள்ளை நிற்க, பின்னால் மனைவி உட்கார்ந்திருக்க, காலிடுக்கில் காய்கறிப் பையோடு அப்பா ஓட்டிப்போகும் வண்டி. இந்தக் கதையில் வருவது அதுவல்ல. பிள்ளைகள் ஒரு காலைப் பலகையில் வைத்து, மறு காலால் தரையை உந்தி உந்தித் தள்ளிக்கொண்டு போவார்களே, அந்தப் பலகை வண்டி. அதற்கு மோட்டாரும் பேட்டரியும் வைத்திருக்கிறார்கள். சீட் கிடையாது, நின்றபடியே போக வேண்டும். அமெரிக்க நகரங்களில் இது நடைபாதை ஓரத்தில் ஆளில்லாமல் சாய்ந்து நிற்கும். போனை எடுத்து ஹேண்டில்பாரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடுக்கு நேரே பிடித்தால் பூட்டு விடுபடும். ஏறிப் போகலாம். போன இடத்தில் விட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம்.

இந்த வண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் மோட்டாரில் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் பேட்டரியில். எனக்கு என்னவோ பூட்டின் மேல்தான் கண். வண்டியை ஓட வைப்பது மோட்டார்தான். ஒரே வண்டியை முன்பின் தெரியாத பத்துப் பேர் மாற்றி மாற்றி ஓட்ட வைப்பது பூட்டு. அந்தப் பூட்டு யாருக்குத் திறக்கிறதோ அவர்களுக்குத்தான் அது பொதுவண்டி.

1965ஆம் ஆண்டுக் கோடைகாலம். ஆம்ஸ்டர்டாமில் புரோவோ என்று ஓர் இளைஞர் கூட்டம். அதிகாரத்தில் இருப்பவர்களைச் சீண்டிப் பார்ப்பதுதான் அவர்களுக்கு முழுநேர வேலை. கூட்டத்தில் ஒருவர் லூட் ஸ்கிம்மெல்பென்னிங்க். நகரத்தைக் கார்கள் விழுங்கிக்கொண்டிருக்கின்றன. நகராட்சி ஆண்டுக்கு 20,000 சைக்கிள் வாங்கி, வெள்ளை பெயின்ட் அடித்துத் தெருவில் விடட்டும். யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டி, போன இடத்தில் போட்டுவிட்டுப் போகட்டும் என்பது அவர் யோசனை. நகராட்சி கேட்குமா? கேட்கவில்லை. இவர்களே சில சைக்கிள்களுக்கு வெள்ளை அடித்துத் தெருவில் நிறுத்தினார்கள். போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. சைக்கிளைப் பூட்டாமல் தெருவில் விடக் கூடாது என்று சட்டம் இருந்ததாம். பையன்கள் சளைக்கவில்லை. எண் பூட்டு வாங்கி மாட்டினார்கள். திறக்கும் எண்ணைச் சைக்கிளின் மேலேயே பெயின்டில் எழுதி வைத்தார்கள். சட்டத்துக்குப் பூட்டு, ஜனங்களுக்குச் சாவி.

இன்றைய ஸ்கூட்டரிலும் திறக்கும் குறியீடு வண்டியின் மேலேயேதான் இருக்கிறது, கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக. மனிதக் கண் அதைப் படிக்காது. ஒரு வகைப் போன்தான் படிக்கும். ஆம்ஸ்டர்டாம் எண்ணுக்கும் இந்தக் கட்டத்துக்கும் நடுவில் நடந்ததுதான் கதை.

வெள்ளைச் சைக்கிள் நிலைக்கவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 1995இல், கோபன்ஹேகன் நகரம் ஆயிரம் சைக்கிளோடு மறுபடி முயன்றது. இந்த முறை பூட்டில் காசு போடும் துளை. 20 குரோனர் நாணயத்தைப் போட்டால் சைக்கிள் விடுபடும். திரும்பக் கொண்டுவந்து மாட்டினால் நாணயம் கைக்கு வரும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் அதே தந்திரம். கையில் ஒரு நாணயம் உள்ள யாரும் எடுக்கலாம், பேர் ஊர் கேட்க மாட்டார்கள். இருபது குரோனருக்கு ஒரு சைக்கிள் மலிவுதானே என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். எடுத்தவன் யார் என்று தெரியாதபோது யாரைப் பிடிப்பது?

அங்கேதான் பாதை திரும்பியது. 1996இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகம் சைக்கிள் எடுக்கக் காந்தப் பட்டை ஒட்டிய அட்டை கொடுத்தது. 2005இல் பிரான்ஸின் லியோன். 2007இல் பாரிஸின் வேலிப் என்ற வாடகை சைக்கிள் திட்டம். பாரிஸில் சைக்கிள் எடுக்க வேண்டுமென்றால் உங்கள் வங்கி அட்டையில் 150 யூரோவைப் பிணையாக நிறுத்தி வைப்பார்கள். சைக்கிள் திரும்பி வராவிட்டால் பணம் போச்சு. திருட்டைக் குறைக்க அடையாளம் வேண்டும், அடையாளத்துக்குச் சுலபமான வழி வங்கி அட்டை. ஏழைகளை வெளியே நிறுத்த வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. திருடனுக்குப் போட்ட பூட்டில், கணக்கில் 150 யூரோ இல்லாதவனும் சேர்ந்து மாட்டிக்கொண்டான்.

நம்மூர் வாடகை சைக்கிள் கடையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மட்கார்டில் நம்பர் எழுதிய சைக்கிள்கள், நீளமான ஒரு நோட்டு, சுவரில் ஒரு கடிகாரம். கடைக்காரர் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பார். "யார் வீட்டுப் பையன்?" அப்பா பேரைச் சொன்னால் எடுத்த நேரத்தை எழுதிக்கொண்டு வண்டியைத் தள்ளி விடுவார். குரங்கு பெடல் போட்டுக்கொண்டு நாங்கள் பறப்போம். அட்டை இல்லை, பிணை இல்லை. பொற்காலம் என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் அப்பா பேரைச் சொல்லியும் வண்டி கிடைக்காத பையன்கள் இருந்தார்கள். எந்தத் தெருப் பையன் என்று கேட்டுவிட்டு, வண்டி எல்லாம் வெளியே போயிருக்கிறது என்பார்கள். நின்றுகொண்டிருக்கும் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே அவன் திரும்பிப் போவான். எங்கள் ஊரிலும் அது ஒரு பூட்டுத்தான். நோட்டில் எழுதாத பூட்டு.

இனி வண்டிக்கு வருவோம். மோட்டார் வைத்த பலகை வண்டி நேற்று வந்ததல்ல. 1915இல் நியூயார்க்கில் ஆட்டோபெட் என்று ஒன்றைச் செய்து விற்றார்கள். பெட்ரோலில் ஓடும், முன்சக்கரத்தின் மேல் இன்ஜின். 1916இல் எடுத்த ஒரு புகைப்படம் பிரபலம்: தொப்பியும் நீளக் கோட்டுமாக ஒரு சீமாட்டி லண்டன் தெருவில் அதில் நிமிர்ந்து நிற்கிறார். அவர் ஃப்ளோரன்ஸ் நார்மன், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டவர். வண்டி, நாடாளுமன்ற உறுப்பினரான கணவர் கொடுத்த பிறந்தநாள் பரிசு. வண்டியின் மூதாதை வளர்ந்த வீடு எப்படிப்பட்டது என்பதற்கு இந்தப் படம் போதும். சில ஆண்டுகளில் கம்பெனி மூடிப்போனது.

அடுத்த பிறப்புக்குக் காரணம் பசி. 1990களில் சூரிச்சில் விம் ஔபோட்டர் என்பவருக்கு ஒரு கடையின் வறுத்த சாஸேஜ் சாப்பிட ஆசை. கடை நடந்து போகக் கொஞ்சம் தூரம். காரையோ சைக்கிளையோ வெளியே எடுக்கவோ ரொம்பக் கிட்டம். இந்த இரண்டுங்கெட்டான் தூரத்துக்கு ஒரு வண்டி இல்லையே என்று அவர் செய்ததுதான் மடக்கி எடுத்துப்போகும் கால்தள்ளு வண்டி. 2000 வாக்கில் அது உலகமெங்கும் பிள்ளைகள் கையில் இருந்தது. 2016 டிசம்பரில் சீனாவின் ஷாவ்மி கம்பெனி அந்த மாதிரி வண்டிக்கு மோட்டாரும் பேட்டரியும் வைத்து எம்365 என்று பெயரிட்டு 1,999 யுவானுக்கு விற்றது. எடை பன்னிரண்டரை கிலோ, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், ஒரு சார்ஜுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அதே சமயம் சீனாவில் ஓஃபோ, மோபைக் கம்பெனிகள் நிலையமே இல்லாத சைக்கிளைத் தெருவெங்கும் இறைத்து, கியூஆர் கோடால் திறக்கும் பூட்டை லட்சக்கணக்கானவர்களுக்குப் பழக்கிவிட்டிருந்தன. வண்டி தயார், பூட்டும் தயார்.

இரண்டையும் சேர்த்து ஊருக்குள் விட்டவர் ட்ராவிஸ் வான்டர்ஜாண்டன். லிஃப்ட், ஊபர் என்ற வாடகைக் கார் கம்பெனிகளில் பெரிய பதவிகளில் இருந்தவர். 2017 செப்டம்பரில், லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய சான்டா மோனிகாவில், பேர்ட் என்ற கம்பெனி பேரில் அவருடைய ஸ்கூட்டர்கள் நடைபாதையில் முளைத்தன. ஷாவ்மி வண்டிதான், மேலே பேர்ட் ஸ்டிக்கர். கடற்கரை, வெயில், கம்ப்யூட்டர் கம்பெனிகள், வேலை முடிந்து காபிக்குப் போகும் இளைஞர் கூட்டம். சான்டா மோனிகா அப்படிப்பட்ட ஊர். இரண்டுங்கெட்டான் தூரமும், அதைக் கடக்கக் காசும் ஒரே இடத்தில்.

அனுமதி? மேயருக்கு லிங்க்ட்இன்னில் ஒரு செய்தி அனுப்பினார் வான்டர்ஜாண்டன். அதற்குள் வண்டி தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. டிசம்பரில் நகராட்சி கிரிமினல் புகார் கொடுத்தது. பிப்ரவரியில் கம்பெனி மூன்று லட்சம் டாலருக்கு மேல் கட்டிச் சமாதானமானது. 2018 நடுவிலேயே அதன் மதிப்பு நூறு கோடி டாலரைத் தாண்டியது, சில வாரங்களில் இருநூறு கோடி என்றார்கள். அபராதம் அவர்களுக்கு விளம்பரச் செலவு மாதிரி.

இதே சமயத்தில், இதே லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில், நடைபாதையில் இன்னொரு வகைச் சக்கரங்களும் இருந்தன. தமாலே என்ற சோள மாவுப் பண்டமும் வெட்டிய பழமும் விற்கும் தள்ளுவண்டிகள். பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த ஆண்களும் பெண்களும். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 2017 தொடக்கம் வரை நடைபாதையில் விற்பது கிரிமினல் குற்றம். கலிஃபோர்னியா மாநிலம் முழுக்க நடைபாதை வியாபாரத்தைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கும் சட்டத்துக்கு ஆளுநர் கையெழுத்துப் போட்டது 2018 செப்டம்பரில். அந்தச் சட்டத்துக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் கூட்டம் போட்டு, மனு கொடுத்து, அலைந்தார்கள். அனுமதி கேட்காமல் நடைபாதையில் சக்கரத்தை நிறுத்தியது இரண்டு தரப்பும்தான். ஒரு தரப்பின் வண்டியைப் பறித்துக்கொண்டு போனார்கள், மறு தரப்புக்கு முதலீட்டாளர்கள் வரிசையில் நின்றார்கள்.

வண்டியைத் திறக்க என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். ஸ்மார்ட் போன். அதில் டேட்டா. கணக்கோடு சேர்ந்த வங்கி அட்டை. பேர்டில் தொடக்கத்தில் ஓட்டுநர் உரிமத்தையும் படம் பிடித்துக் காட்ட வேண்டும், கலிஃபோர்னியா சட்டம் அப்படி. இவையெல்லாம் எல்லார் சட்டைப் பையிலும் இருப்பதுதானே என்று தோன்றும். 2017இல் அமெரிக்காவில் 84 லட்சம் குடும்பங்களுக்கு வங்கிக் கணக்கே இல்லை. மொத்தத்தில் ஆறரை சதவீதம். கறுப்பினக் குடும்பங்களில் அது 16.9 சதவீதம், ஆறில் ஒரு வீடு. இது அரசின் வைப்புத்தொகைக் காப்பீட்டு நிறுவனம் எடுத்த கணக்கு. வண்டி தெருவில் நிற்கிறது, எல்லார் கண்ணிலும் படுகிறது, காலையும் தட்டுகிறது. ஆனால் அந்த வீட்டுக்காரர் கைக்கு அது வெறும் இரும்பு.

திறந்த பிறகு வாடகை. அப்போது திறக்க ஒரு டாலர், நிமிடத்துக்கு 15 சென்ட். சின்னத் தொகைதான். ஒரேகன் மாநிலத்தின் போர்ட்லேண்டில் 2018 ஜூலையில் இதே விலைக்கு ஸ்கூட்டர் வந்தது. அந்த மாதம் அந்த ஊரில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 டாலர், அதாவது நிமிடத்துக்கு 20 சென்ட். இருபது நிமிடம் ஸ்கூட்டர் ஓட்டினால் நாலு டாலர். அந்த நாலு டாலரைச் சம்பாதிக்கக் கடையில் பாத்திரம் கழுவுகிறவர் நிற்க வேண்டியதும் இருபது நிமிடம். ஓட்டும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் உழைக்கும் ஒரு நிமிடம், இம்மி பிசகாமல். பக்கத்திலேயே பஸ் ஓடியது. அன்றைய இரண்டரை டாலர் டிக்கெட்டில் இரண்டரை மணி நேரம் பஸ்ஸும் ரயிலும் மாறி மாறிப் போக முடிந்தது. வருமானம் குறைந்தவர்களுக்குப் பாதி விலை டிக்கெட்டும் அதே ஜூலையில்தான் அங்கே வந்தது.

கம்பெனிகள் வண்டியை நகர மையத்திலேயே குவித்ததற்கும் ஒரு கணக்கு உண்டு. ஷாவ்மியின் வண்டி ஒரு வீட்டில் ஒருவர் பத்திரமாக வைத்து ஓட்டச் செய்தது. தெருவில், மழையில், நடைபாதை விளிம்பில் இடித்து இடித்து ஓட்ட அல்ல. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம் வெளியிட்ட தகவலை வைத்து ஒரு செய்தித் தளம் கணக்கிட்டபோது, அந்த ஊரின் தொடக்ககால ஸ்கூட்டர் ஒன்றின் சராசரி ஆயுள் 28.8 நாள் என்று வந்தது. ஒரு மாதம்கூட இல்லை. நானூறு ஐநூறு டாலர் போட்டு வாங்கியதை ஒரு மாதத்துக்குள் மீட்க வேண்டுமென்றால் நாளுக்கு எத்தனை சவாரி வேண்டும்? ஜனம் நெருக்கியடிக்கிற இடத்தில்தான் அது கிடைக்கும். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கிற, கடை குறைந்த ஏழைப் பேட்டையில் நிறுத்தினால் வண்டி சவாரி பார்க்காமலே செத்துப்போகும். யாரும் யாரையும் வெறுக்கத் தேவையில்லை, பேட்டரியும் நட்டும் போல்ட்டும் அந்த வேலையைச் செய்துவிடும்.

ஆனால் இரவில் வண்டி எங்கே போனது என்று பார்த்தால் வேறு படம். அந்த நாட்களில் ஒன்பது மணிக்கு மேல் பேர்ட் ஆப்பில் இன்னொரு வரைபடம் திறக்கும். சார்ஜ் தீர்ந்த வண்டிகள் எங்கெங்கே கிடக்கின்றன, ஒவ்வொன்றையும் எடுத்துப்போய்ச் சார்ஜ் போட்டால் எவ்வளவு என்று காட்டும். ஐந்து டாலரிலிருந்து இருபது டாலர் வரை. வேலி தாண்டிக் கிடப்பதற்கும் கண்டுபிடிக்கச் சிரமமானதற்கும் கூடுதல் ரேட். பழைய வேன், பழைய கார், சில இடங்களில் பள்ளிப் பிள்ளைகள்கூட. டிக்கியில் அடுக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், ஹாலில் வரிசையாக நிறுத்தி, மல்ட்டி ப்ளக்கில் சொருகி, விடிவதற்குள் கம்பெனி காட்டும் இடத்தில் மூன்று மூன்றாக நிறுத்திவிட வேண்டும். அந்த இடத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் கூடு. கரன்ட் பில் சார்ஜ் போடுகிறவருடையது, பெட்ரோல் அவருடையது. ஒரே வண்டிக்கு இரண்டு பேர் ஓடி வந்து சண்டை பிடித்ததும் உண்டு. பகல் முழுக்க ஒருவருக்கு நேரத்தை மிச்சம் பிடித்துக்கொடுத்த வண்டி, இரவில் இன்னொருவர் தூக்கத்தைத் தின்றது.

2018 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று கம்பெனிகள் ஒரே சமயத்தில் வண்டிகளை இறக்கின. சில வாரங்களில் ஊரே கொதித்தது. ஜூனில் நகரம் எல்லாவற்றையும் அகற்றச் சொன்னது, அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றது. பன்னிரண்டு கம்பெனிகள் விண்ணப்பித்தன. ஆகஸ்டில் இரண்டுக்கு மட்டும் கொடுத்தார்கள். மார்ச்சில் கேட்காமல் வந்த மூன்றில் ஒன்றுக்கும் கிடைக்கவில்லை. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, வருமானம் குறைந்தவர்களுக்கு எப்படிக் கொடுப்பீர்கள் என்பது.

இந்தக் கேள்விக்கும் ஒரு பூர்வோத்தரம் உண்டு. பாஸ்டன் 2011இல் நகரச் சைக்கிள் தொடங்கியபோதே ஏழைகளுக்கு ஆண்டுச் சந்தா ஐந்து டாலர் என்று வைத்தது. பிலடெல்பியா 2015இல் இன்டெகோ சைக்கிளைத் தொடங்கியபோது முதல் நாளிலிருந்தே ரொக்கம் வாங்கியது: பார்கோடைக் காட்டி அண்ணாச்சி கடை மாதிரியான ஒரு கடையில் காசு கட்டலாம். நிலையங்களையும் ஏழைப் பேட்டைகளில் முதலிலேயே வைத்தார்கள். அந்த ஊர்களில் சைக்கிள் நகரத்தின் சொத்து. ஸ்கூட்டர் அப்படியல்ல, தனியாருடையது. நகரத்தின் கையில் இருந்த ஒரே பிடி அனுமதிச் சீட்டு.

அந்தப் பிடியை இறுக்கிப் பார்த்தது போர்ட்லேண்ட். சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததைப் பார்த்துவிட்டு, வண்டி வருவதற்கு முன்பே விதிகளை எழுதியது. 2018 ஜூலை 23 முதல் நவம்பர் 20 வரை சோதனை ஓட்டம். மூன்று கம்பெனிகள், 2,043 வண்டிகள். ஒவ்வொரு கம்பெனியும் தினமும் 100 வண்டி அல்லது தன் வண்டிகளில் 20 சதவீதம், எது குறைவோ அதைக் கிழக்கு போர்ட்லேண்டில் நிறுத்தியே ஆக வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகைத் திட்டம் வைத்தே ஆக வேண்டும்.

கிழக்கு போர்ட்லேண்ட் என்றால் என்ன என்று ஊர்க்காரர்களிடம் கேட்டால் ரோட்டைக் காட்டுவார்கள். நகரத்தோடு பெரும்பாலும் 1980களிலும் 90களிலும் சேர்க்கப்பட்ட பகுதி. அகலமான ரோடு, வேகமான கார், பல தெருக்களில் நடைபாதையே கிடையாது. வாடகை குறைவு. ஆல்பினா என்ற பேட்டையில் காலங்காலமாக இருந்த கறுப்பினக் குடும்பங்களை நெடுஞ்சாலையும் விளையாட்டு அரங்கமும் ஆஸ்பத்திரி விரிவாக்கமும் ஒவ்வொன்றாகப் பெயர்த்தன. மிச்சம் இருந்தவர்களை ஏறிய வாடகை பெயர்த்தது. பலர் வந்து சேர்ந்த இடம் இந்தக் கிழக்கு. பஸ் ஸ்டாப்புக்கு நடப்பதே ஒரு பயணமாக இருக்கும் ஊர். ஔபோட்டரின் சாஸேஜ் கடை தூரம் உண்மையில் வலிக்கிற இடம் இதுதான்.

நாலு மாதத்தில் 7,00,369 சவாரி. நகரமே எதிர்பார்க்காத எண்ணிக்கை. கிழக்கில் தொடங்கியவை 44,000க்கு மேல். ஏழு லட்சத்தில் அது ஆறு சதவீதம் சொச்சம்தான், ஆனால் நிபந்தனை போடாமல் இருந்தால் அதுவும் இருந்திருக்காது. நகரவாசிகளிடம் கருத்துக் கேட்டார்கள். ஸ்கூட்டர் நல்லது என்றவர்கள் மொத்தத்தில் 62 சதவீதம். வெள்ளையர் அல்லாதவர்களிடையே 74. ஆண்டுக்கு 30,000 டாலருக்குக் கீழே சம்பாதிப்பவர்களிடையே 66. ஆக, ஏழைகளுக்கு இந்த வண்டி பிடிக்கவில்லை, வேண்டாம் என்கிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, மூன்று கம்பெனிகளும் வைத்த சலுகைத் திட்டங்களில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்?

43.

ஏதோ அச்சுப்பிழை என்று நினைத்து நான் இரண்டு முறை பார்த்தேன். நாற்பத்து மூன்று பேர்தான். ஒரு பஸ்ஸில் உட்கார வைக்கலாம்.

ஏன் என்பதற்கு அறிவாளிகள் பல காரணம் சொல்லலாம். எனக்கு அந்த விண்ணப்பத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாலே போதும். சலுகை இருப்பது முதலில் தெரிய வேண்டும். தெரிந்தால், அரசு உதவி வாங்குகிறவர் என்பதற்கு அத்தாட்சியைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். நம் ரேஷன் கடையில் நின்றவர்களுக்கு இது புரியும்: ஏழை என்று நிரூபிக்கும் வேலையே ஒரு தனி உத்தியோகம். ஒரு டாலரை மிச்சம் பிடிக்க அந்த உத்தியோகத்தை யார் பார்ப்பார்கள்? பணம் இருக்கிறவர் வண்டியை மூன்று நொடியில் திறக்கிறார், இல்லாதவர் விண்ணப்பம் போட்டுத் திறக்க வேண்டும். பூட்டைக் கழற்றாமல், அதன் மேல் இன்னொரு பூட்டை மாட்டி, அதற்குச் சலுகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கறுப்பினத்தவர்களோடு நகரம் நடத்திய கலந்துரையாடலில் வேறொரு விஷயமும் வந்தது. ஒரேகன் சட்டப்படி அப்போது ஹெல்மெட் கட்டாயம், நடைபாதையில் ஓட்டுவது குற்றம். கிழக்கின் அகல ரோட்டில் கார்களுக்கு நடுவே நின்றுகொண்டு ஓட்ட யாருக்குத் துணிவு வரும்? நடைபாதை இருந்தால் அதில்தான் ஏறுவார்கள். அதில் ஏறினால் போலீஸ் நிறுத்தும். யாரை நிறுத்தும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. நகர மையத்தில் ஒரு வெள்ளை இளைஞன் செய்தால் குறும்பு, இங்கே ஒரு கறுப்பினத்தவர் செய்தால் கேஸ். இந்தப் பூட்டைக் கம்பெனி மாட்டவில்லை, எந்த ஆப்பாலும் திறக்கவும் முடியாது.

பிறகு வந்த ஊர்கள் நிபந்தனையைக் கனமாக்கின. சிகாகோ 2020இல் 10,000 ஸ்கூட்டருக்கு அனுமதி கொடுத்தபோது, பாதி வண்டிகள் நகரம் குறித்துக் கொடுத்த பின்தங்கிய பகுதிகளில் நிற்க வேண்டும் என்றது. ஸ்மார்ட் போன் இல்லாதவர் எஸ்எம்எஸ் அனுப்பித் திறக்கும் வழியும், அட்டை இல்லாதவர் கடையில் ரொக்கம் கட்டும் வழியும் சில கம்பெனிகளில் வந்தன. இதற்கிடையில் வாடகை ஏறிக்கொண்டே போனது. 15 சென்ட் பல ஊர்களில் 30ஐத் தாண்டியது. முதலீட்டாளர்கள் பணத்தில் ஓடிய மலிவு அவ்வளவு நாள்தான் தாங்கும். பேர்ட் 2023 டிசம்பர் 20 அன்று திவால் மனு கொடுத்தது. பாரிஸ்காரர்கள் அதே ஆண்டு ஏப்ரலில் வாக்களித்து வாடகை ஸ்கூட்டரையே ஊரைவிட்டு அனுப்பினார்கள். 89 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், வாக்களிக்க வந்தவர்கள் எட்டு சதவீதம்கூட இல்லை.

நமக்குப் பக்கத்தில், பெங்களூரில், இந்த வண்டிக்கு வேறு ஜாதகம். 2017இல் தொடங்கிய யூலு கம்பெனி, மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து ஆபீசுக்கும் ஆபீசிலிருந்து ஸ்டேஷனுக்கும் போகிறவர்களை மனதில் வைத்துத்தான் வந்தது. சீட் உள்ள சின்ன மின்சார வண்டி. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாது, மோட்டாரின் சக்தியும் குறைவு என்பதால் நம் சட்டத்தில் அது மோட்டார் வாகனமே அல்ல. ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. ஒரு பூட்டு இல்லை என்றதும், கம்பெனி முதலில் நினைக்காத ஆட்கள் வந்து ஏறினார்கள்: சாப்பாடும் மளிகையும் வீடு வீடாகக் கொண்டுபோகும் டெலிவரிப் பையன்கள். சொந்த வண்டி வாங்க முன்பணம் இல்லாதவர்கள், உரிமம் எடுக்காதவர்கள். கம்பெனியும் காற்றடிக்கிற பக்கம் தூற்றிக்கொண்டது. சாமான் ஏற்ற வசதியோடு அவர்களுக்கென்றே டெக்ஸ் என்று ஒரு வண்டி வந்தது.

போன வருடம் கோரமங்களாவில் உறவினர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் இரவு பத்து மணிக்கு நாலைந்து வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு பையன் போனில் தமிழில் பேசிக்கொண்டிருந்தான். எந்த ஊர் என்று கேட்டேன். ஊத்தங்கரைப் பக்கம் என்றான்.

"வண்டி சொந்தமா தம்பி?"

"வாடகைண்ணா. வாரக் கணக்கு. லைசென்ஸ் கேக்க மாட்டாங்க, அதான்."

"லீவு நாள்ல எடுத்துட்டு ஊரைச் சுத்துவியா?"

சிரித்தான். "இதுல பன்னெண்டு மணி நேரம் உக்காந்துட்டு, லீவு நாள்லயும் இதுலயா? படுத்துத் தூங்குவேண்ணா."

அதற்குள் செக்யூரிட்டி அவனுடைய போன் நம்பரைக் கேட்டு ஒரு டேப்லெட்டில் தட்டினார். மேலே பதினோராம் மாடியில் யாரோ போனில் சரி என்று அழுத்த வேண்டும், அழுத்தினால்தான் கேட் திறக்கும். பிரியாணிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, டேப்லெட்டையே பார்த்தபடி அவன் நின்றான்.